டர்போவைக் குடித்த பேய்

“நேத்து நெம்மேலி தாண்டி நூத்தி அறுபதுல போறேன். மேலே ஏரோப்ளேன்காரன் ஹாரன் அடிச்சு வழி கேக்கறான், நான் விடலை. அப்போதான் அந்தப் பேய் வந்து, என் டர்போவில இருந்த காத்தைப் பூரா உறிஞ்சிக் குடிச்சிடுத்து!”

திருப்போரூரில், மெக்கானிக் மோசஸின் ஒர்க்ஷாப்பில் நின்றுகொண்டு சுப்புராமன் இப்படிச் சொன்னார். கல்பாக்கத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அவருடைய பழைய டீசல் காருக்கு, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் ஊட்டும் பெரிய டர்போ ஒன்றை மாட்டி, காற்றழுத்தம் காட்ட ஒரு மீட்டரும் வைத்துக் கொடுத்தவன் மோசஸ். அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம், “எப்டி சார் இழுக்குது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

என்னவென்று சொல்வார்? ஐம்பதை நெருங்கினாலே அவர் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். ஒருமுறை ஈசிஆரில் ஒரு எருமை அவரை ஓவர்டேக் செய்துவிட்டு, பரிதாபமாகத் திரும்பியும் பார்த்தது. அந்த மானக்கேட்டை மறைக்கத்தான் இந்தப் பேய்.

மோசஸின் மனைவி பொன்னி டீ கிளாஸோடு வந்தவள், வாய்விட்டுச் சிரித்தாள். “ஏன் சார், பேய்க்கு ரத்தம் கெடைக்கலியா? காத்தைக் குடிக்குது! எங்க வாய வச்சு உறியுதாம்?”

“இதோ, ஹெட்லைட்டுக்குப் பின்னாடி. காத்து உள்ளே போற குழாய் வாய் இருக்கு பார், இங்கேதான்.”

“அய்ய! இத நம்பறதுக்கு வேற ஆளப் பாரு சார்.”

மோசஸ் சிரிக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான். “எனக்கு ஒண்ணும் காட்டலியே சார்?”

“அது ஓனரைத்தான் பிடிக்கும்” என்றார் சுப்புராமன் சட்டென்று.

“அப்ப வண்டிய வுட்டுட்டுப் போ. நாளைக்கு நீ ஓட்டு, நான் பக்கத்துல குந்திகினு பாக்கறேன். என் கை பட்ட வண்டில காத்து நிக்கலன்னு ஊர்ல தெரிஞ்சா, போர்டைக் கழட்டிகினு போவ வேண்டியதுதான்.”

மறுநாள் சுப்புராமன் எல்லாக் கடவுளையும் கூப்பிட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். மீட்டர் முள் ஏறியது. என்ஜின் நிமிஷத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு சுற்றைத் தொட்டதுதான் தாமதம், முள் பொத்தென்று விழுந்தது. கார் ஆஸ்துமாக்காரர் போல இழுத்தது.

“ஐயோ, நிஜமாவே வந்துடுத்தே!” என்று அலறினார் சுப்புராமன்.

“ஹோஸ் லீக்கா இருக்கும், பயப்படாத” என்றான் மோசஸ். சொல்லிக்கொண்டே கழுத்துச் சிலுவையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அன்று கார் ஒர்க்ஷாப்பிலேயே நின்றது. மோசஸ் குழாய்களைக் கவ்விப் பிடிக்கும் எல்லா கிளாம்பையும் முறுக்கினான். அடுத்த நாள் ஓட்டத்தில் மூவாயிரம் சுற்றிலேயே முள் விழுந்தது. அழுத்தம் அதிகமானால் திறந்துகொள்ளும் கதவின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று சொல்லி அதையும் மாற்றினான். கார் மறுபடி ஒர்க்ஷாப்பிலேயே தங்கியது.

மூன்றாவது ஓட்டம் முட்டுக்காடு வரை. முன்னால் மணல் லாரி.

“ஏறிப் போ சார்!”

சுப்புராமன் கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் ஒடித்து மிதித்தார். லாரியைப் பாதி தாண்டும்போது இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று. முள் செத்தது. காரும் செத்தது. எதிரே பஸ். அந்த டிரைவரின் மீசையை முடி முடியாக எண்ணிவிடலாம், அவ்வளவு பக்கம்.

“இயேசப்பா!”

“முருகா!”

இரண்டு பேரில் யார் கேட்டார்களோ, லாரிக்காரன் பிரேக் போட்டான். கார் லாரியின் மூக்கை உரசிக்கொண்டு இடப்பக்கம் பாய்ந்து, உப்பங்கழி ஓரத்து மணலில் புதைந்து நின்றது. சுப்புராமன் போட்ட கூச்சலில் படகுக் குழாமில் இருந்த படகெல்லாம் ஆளில்லாமலே கரை ஒதுங்கின.

“மோசஸ், நான் சொன்னது பொய்டா! நான் ஐம்பதைத் தாண்டினதே இல்லை. பேயே கிடையாது, நான் விட்ட கதை!”

மோசஸ் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. “நீ கதைதான் வுட்ட சார். அது பேய் காதுல வுழுந்து, கூப்புட்டாங்கன்னு நெசமாவே வந்துட்டுது.”

காரை மணலிலிருந்து தள்ளி எடுத்து, இருபதில் உருட்டிக்கொண்டு திரும்பினார்கள். இறங்கியதும் மோசஸ் ஸ்பேனரை எடுத்து, வாசலில் இருந்த போர்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

“யோவ், இன்னா பண்ற?” என்று ஓடி வந்தாள் பொன்னி.

“மறுபடி காத்தைக் குடிச்சிட்டுது பொன்னி. உயிர் தப்பினதே பெருசு.”

பொன்னி இருவர் முகத்தையும் பார்த்தாள். நேரே கார் முன்னால் போய், ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டு இழுத்தாள். சர்ச்சில் ஜெபம் பண்ணிக் கொடுத்த கர்ச்சீப் ஒன்று வந்தது. அதன் வாலில் முடிந்த இன்னொன்று. அதன் வாலில் ஒரு துண்டு, குழாயின் தொண்டை வரை போய்த் திருகிக் கிடந்தது.

ஸ்பேனர் மோசஸின் காலிலேயே விழுந்தது. “அடிப்பாவி! மெதுவா போனா இது ஓரமாத் தொங்கிகினு இருக்கும். மிதிச்சா உள்ள இழுத்து மூச்சையே அடைக்கும்டி!”

பொன்னி அதைக் காதில் வாங்கவே இல்லை. கசங்கிய துணிகளைக் கையில் ஏந்தி, சுப்புராமனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“அன்னிக்குச் சிரிச்சிட்டேன், மன்னிச்சிரு சார். உள்ளுக்குள்ள பயந்து, பேய் அங்க வாய வைக்கக் கூடாதுன்னுதான் டெய்லி ராத்திரி ஒண்ணாக் கட்டினேன். நீ சொன்னது அத்தனையும் நெசம், எத்தக் கட்டினாலும் உறிஞ்சிகினே கீதே!”