பெற்றவன் பெயர் பட்டியலில் இல்லை

உசிலம்பட்டி,
புதன்கிழமை மத்தியானம், கடையிலிருந்து.

என் பிள்ளைகளுக்குத் தாய்மாமனும் என் நிம்மதிக்கு எமனுமாகிய அன்பு மாப்ள சிவக்குமாருக்கு, மச்சான் சிவனாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா முனீஸ்வரியும் பிள்ளைகள் இரண்டும் சௌக்கியம். சென்னையில் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். அடுத்தவன் குடும்பத்தைக் கப்பலில் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் கரையில் நிற்கிறவனுக்குச் சௌக்கியத்தில் என்ன குறைச்சல்? இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்வாய். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். தவிடு, பிண்ணாக்குக் கடை. பிள்ளைகள் எழுந்திருப்பதற்கு முன் ஷட்டரைத் தூக்கினால் அவர்கள் தூங்கிய பிறகுதான் இறக்குவேன். போன மாதம் கடைக்கு வந்த ஒருவர், "மக எத்தனாவது படிக்கிறா?" என்று கேட்டார். நான் மூன்றாவது என்றேன். பக்கத்தில் நின்ற அவள் பள்ளிக்கூட ஆட்டோக்காரர், "நாலாவதுண்ணே" என்று திருத்தினார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வேளைச் சோறாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதுதான் நான் செய்த குற்றம். உடனே நீ, "மச்சான், இந்த வருசம் மாமன் சீரா கப்பல் டிக்கெட் போட்டுட்டேன். நாலு நாளு நடுக்கடல்ல நீங்களும் புள்ளைகளுந்தான். எங்குட்டு ஓடுவாக?" என்றாய். எங்குட்டு ஓடினார்கள் என்று இப்போது சொல்கிறேன், நன்றாக உட்கார்ந்து படி.

கப்பலில் ஏறிய முதல் மணி நேரத்திலேயே, ஒன்பதாவது மாடியில் சிறுவர்களுக்கென்று கிட்ஸ் கிளப் இருக்கிறது, பெயர் கொடுங்கள் என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். அதில் 'குழந்தையை அழைத்துச் செல்ல உரிமை உள்ளவர்' என்று ஒரு கேள்வி, கீழே இரண்டே இரண்டு கோடு. உரிமை என்ற வார்த்தையைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டேன். ஏன் மூடினேன் என்று உனக்குத் தெரியாதா? மகள் அஸ்வினியின் காதுகுத்துப் பத்திரிகையில் உன் பெயர் என் சித்தப்பா மகன் பெயருக்குக் கீழே போய்விட்டது என்று, சீர்த்தட்டும் கிடாயுமாக மேலூர் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கி உட்கார்ந்துகொண்டாயே. "பேரு கீழ கெடக்கு, நானும் கீழயே கெடக்கேன்" என்று நீ அடம்பிடிக்க, முகூர்த்த நேரத்தில் நான் கார் எடுத்துக்கொண்டு வந்து அத்தனை பேர் பார்க்க உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அன்றிலிருந்து என் பிள்ளைகள் சம்பந்தமான எந்தத் தாளைக் கண்டாலும் எனக்கு உன் முகம்தான் தெரிகிறது. ஆகவே முதல் கோட்டில் 'திரு. சிவக்குமார், பி.இ., தாய்மாமன்' என்று எழுதினேன். உன்னை எழுதிவிட்டு உன் அண்ணன் கருப்பு பெயரை விட்டால் அது தனிச் சண்டை. இரண்டாவது கோடு அவருக்கு. பெற்றவர்கள் பெயரைப் பத்திரிகையில் போடுகிற மாதிரி அடியில் 'தங்கள் அன்புள்ள' என்று போட்டு, எங்கள் இருவர் பெயரையும் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒரு குறையும் இல்லாத படிவம். சபையில் வாசித்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

சாயங்காலம் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று ஒன்பதாவது மாடிக்குப் போனேன். வாசலில் ஐரின் என்று ஒரு பெண், நம் மதுரைப் பெண்தான். ரொம்ப மரியாதையாக, "சார், லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே" என்றாள்.

"ஏம்மா, பெத்தவன்மா நானு!"

"பெத்தவங்க யாருன்னு கீழ எழுதியிருக்கீங்க சார். கூட்டிட்டுப் போறவங்க மேல ரெண்டு பேரு. அவங்க வந்திருக்காங்களா?"

ஒருவன் சென்னையில், இன்னொருவர் கொட்டாம்பட்டியில். நான் கடலில். கண்ணாடிக் கதவு வழியாக மகளைக் கூப்பிட்டேன். ஒரு கண்ணில் கறுப்புத் துணி கட்டி, கையில் அட்டைக் கத்தியோடு கடல் கொள்ளைக்காரியாக வந்தாள். "ஆத்தா, வா சாப்பிடப் போவம்" என்றேன். "மாமா வந்தாத்தானப்பா போகணும்?" என்றாள். மாமா ஊரில் இருக்கிறார் என்றேன். "வரட்டும், நான் வெயிட் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் புதையல் தேட ஓடிவிட்டாள். என் ரத்தம், மாப்ள!

கீழே வந்து உன் அக்காவிடம் முறையிட்டேன். "நான் போயி என்னன்னு கேட்டுட்டு வாரேன், நீங்க கோபப்படாதீக" என்று போனவள் அரை மணி கழித்து வந்து, "லிஸ்ட்ட மாத்தணும்னா லிஸ்ட்ல இருக்கவகதான் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம்" என்றாள். மறுநாள் ஐரினும் அதையே சொன்னாள். உன்னைக் கூப்பிடலாம் என்றால் போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. சாயங்காலமானால் குமட்டலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நான் சாய்ந்துவிடுவேன். கண் விழித்தால் பிள்ளைகள் பக்கத்துக் கட்டிலில் கிடப்பார்கள். எப்படி வந்தார்கள் என்று கேட்டால் உன் அக்கா, "கொண்டாந்து விட்டாக" என்பாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் மறுபடி ஓடியிருப்பார்கள்.

அங்கே அப்படி என்னதான் சொர்க்கம் என்று கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். வேறு வேலை? பிசின் மாதிரி எதையோ பிசைந்து இழுக்கிறார்கள். பீட்சா தட்டுகிறார்கள். முகத்தில் புலி வரைந்துகொள்கிறார்கள். வீட்டில் ஒரு வாய் இட்லிக்குத் தெருவெல்லாம் துரத்த வைக்கிற உன் மருமகன் சூரியபிரகாஷ், அங்கே அவித்த கேரட்டைத் தானாகவே எடுத்துத் தின்று, தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தேங்க்யூ சொல்கிறான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன், என் பிள்ளைதான். மூன்றாம் நாள் மேடையில் இருவரும் ஆடினார்கள். அதைப் பார்க்க மட்டும் பெரிய மனது வைத்து என்னையும் அனுமதித்தார்கள். கை வலிக்கத் தட்டினேன். அவர்கள் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாக ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விட்டார்கள்.

உன் அக்காவுக்கு இதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் முறுக்குப் பொட்டலத்தோடு சாய்ந்துகொண்டு, "அங்க பாருங்க, மீனு துள்ளுது" என்கிறாள். பிள்ளைகளைக் காணோம் என்று ஒருவன் பதறுகிறான், மீன் துள்ளுகிறதாம். நாலாம் நாள் எனக்கே அலுத்துப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு வழியில்லாமல் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்தில் அவள் கபடி டீமுக்குக் கேப்டனாக இருந்தாளாம். கல்யாணமாகிப் பதினோரு வருடம், எனக்கு இது தெரியாது. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆக மாப்ள, கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்தாற்போல் ஐந்து நாள் கடையை அடைக்காதவன் அடைத்துவிட்டு வந்து, என் பிள்ளைகளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஊரில் இருந்தால் தூங்கும் முகத்தையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பேன். உன் சீருக்கு ஒரு கும்பிடு. இனி நீ ஆகாயத்தில் டிக்கெட் போட்டாலும் நான் வருவதாக இல்லை. அடுத்து வருகிற சூரியபிரகாஷ் காதுகுத்துப் பத்திரிகையில் உன் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதைப் பற்றியும் யோசித்து வருகிறேன்.

குலசாமி உன்னைக் காக்கட்டும். இவ்வளவு எழுதிய பிறகும் உன்னை வாழ்த்த மனம் வருகிறது பார், அது என் வளர்ப்பு. நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கூட்டிப்போக உரிமை இல்லாத தகப்பன்,
சிவனாண்டி.

பின்குறிப்பு: எழுதி முடித்து மேசைமேல் வைத்திருந்தேன். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த உன் அக்கா எடுத்துப் படித்துவிட்டுத் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தாள். முதல் நாள் சாயங்காலம் 'கேட்டுட்டு வாரேன்' என்று போனாளே, அப்போதே பாஸ்போர்ட்டைக் காட்டித் தன் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டாளாம். தினமும் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டதும் கூட்டி வந்ததும் அவள்தானாம். கையெழுத்துச் சட்டம் கப்பலில் கிடையாதாம், இவளே ஐரினிடம் சொல்லிவைத்ததாம். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, "புள்ளைகளோட உக்காரணும்னு அஞ்சு நாளு கடையப் பூட்டுனீக. என்னோட உக்காரணும்னு ஒரு நாளு பூட்டியிருக்கீகளா?" என்றாள். தூக்கைத் திறந்து பரிமாறிவிட்டுப் போய்விட்டாள்.

மேலே உன்னைத் திட்டியதை எல்லாம் அடிக்கலாம் என்றால் மூன்று பக்கம் வீணாகிறது, அப்படியே அனுப்புகிறேன். வருகிற ஞாயிறு கடை லீவு. நீ சனிக்கிழமையே வந்து பிள்ளைகள் இரண்டையும் எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடு. சாயங்காலத்துக்கு முன் திரும்பி வராதே.