பஞ்சுக்குப் பஞ்சமில்லாத ஊரில் ஒரு மீன் தொட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடமாக யோசித்தேன். எழுதினால் மானம் போகும். எழுதாவிட்டால் என் மச்சான் ஊரெல்லாம் சொல்லிவருவதுதான் நிலைக்கும். மானத்தில் பாதிக்குமேல் ஏற்கெனவே போய்விட்டதால், மீதியையும் போட்டு எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்த நினைப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மகள் கவிதா நர்சிங் படிக்க ஈரோட்டு விடுதிக்குப் போனபோது, தன் இரண்டு தங்கமீன்களை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். எங்களைப் பிரியும்போது வராத அழுகை, தொட்டியைப் பார்த்ததும் வந்தது. "நான் திரும்பி வர்ற வரைக்கும் உசுரோட இருக்கோணுங்ப்பா" என்றாள். (எங்களைத்தான் சொல்கிறாள் என்று ஒரு கணம் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.)

அவள் முதல் விடுமுறைக்கு வரவேண்டிய வாரம் பார்த்து, தொட்டியிலிருந்த ஃபில்டர் நின்றுபோனது. தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. என் மனைவி ருக்மணி, "புள்ள வர்றப்ப இதுங்களுக்கு ஒண்ணுன்னா நான் ஊட்டுல இருக்க மாட்டனுங்க, எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்" என்றாள். நான் மீன் கடைக்குக் கிளம்பினேன்.

கடைக்காரர் மூன்று வகை காட்டினார். ஒன்று, தொட்டிக்குள்ளேயே கிடந்து குமிழ் விடும் ஸ்பாஞ்சு. இன்னொன்று, தொட்டியின் தலைமேல் தட்டு மாதிரி உட்கார்ந்து, மோட்டார் ஏற்றும் தண்ணீரைப் பஞ்சில் வடித்துத் திரும்ப விழவைப்பது. மூன்றாவது வெளியே வைக்கும் பெரிய டப்பா. அதன் விலையைக் கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டார். தூக்க இரண்டு பேர் வேண்டும் என்றேன். மீன் எவ்வளவு பெரிது என்றார். கையை விரித்துக் காட்டினேன்.

"வளக்கறது மீனுதானுங்களே?" என்றார்.

இரண்டு மீனுக்கு ஸ்பாஞ்சே போதும், வாங்கிப் போட்டுவிட்டு அதை நோண்டாமல் இருங்கள் என்றுதான் அவர் சொன்னார். எனக்கோ மேலிருந்து தண்ணீர் விழுவது அபிஷேகம் மாதிரி தெரிந்தது. அதையே எடுத்தேன். கூடவே பஞ்சு பாக்கெட் ஒன்றை நீட்டினார்.

"திருப்பூர்க்காரன் பஞ்சைக் காசு குடுத்து வாங்கறதுங்களா?" என்றேன்.

"உங்க இஷ்டமுங்க" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமூச்சு அப்போது எனக்குக் கேட்கவில்லை.

கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் மலை மாதிரி கிடக்கிறது. சாயத்துணி வேண்டாம் என்கிற அறிவு எனக்கு இருந்தது. தேடித்தேடி வெள்ளைத் துண்டாகப் பொறுக்கி வந்தேன். ஆனாலும் மனது ஒப்பவில்லை. பத்துப் பேர் மிதித்த தரையில் கிடந்த துணி. மீனோ பெருமாள் எடுத்த முதல் அவதாரம். துவைக்காமல் வைக்கலாமா?

எங்கள் வீட்டில் துவைக்கிறதுக்கு, குளிக்கிறதுக்கெல்லாம் போர்த் தண்ணீர்தான், உப்பு. குழாயில் எப்போதோ ஒரு நாள் வரும் நல்ல தண்ணீர் சமையலுக்கும் மீனுக்கும். போர்த் தண்ணீரில் சோப்புத்தூளைப் போட்டுக் கசக்கினேன். நுரை வரவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டேன். இன்னும் கொஞ்சம். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் அலசினேன். துளி நுரை இல்லை. ருக்மணி வந்து நன்றாக அலசியாயிற்றா என்று கேட்டாள். நுரையே இல்லை, நீயே பார் என்று வாளியைக் காட்டினேன். அவளும் பார்த்தாள். (இதை அவள் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.)

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் வருகிறாள். தொட்டியில் புதிதாக நல்ல தண்ணீர் ஊற்றி, பஞ்சுக்குப் பதிலாகத் துவைத்த துணியைத் திணித்து, நல்ல நேரம் பார்த்து ஃபில்டரைப் போட்டுவிட்டுப் பூஜைக்கு உட்கார்ந்தோம். கற்பூரம் காட்டும்போது ஓரக்கண்ணில் வெள்ளையாக ஏதோ எழும்பியது. திரும்பிப் பார்த்தால் தொட்டிக்கு மேல் பாற்கடல். சத்தியமாக, ஒரு நொடி கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஏனுங்க, தொட்டி பொங்குது" என்றாள் ருக்மணி, பால் பொங்குவதைச் சொல்கிற மாதிரி. சொல்லிக்கொண்டே ஸ்விட்சை அணைத்தாள், நுரைக்குள் கையை விட்டாள், எண்ணெய்ச் சட்டியில் போண்டா எடுக்கும் கரண்டியால் இரண்டு மீனையும் அள்ளினாள். சமையலுக்கு வைத்திருந்த குடங்களை அண்டாவில் கவிழ்த்து அதில் விட்டாள். பெரிய மீன் நீந்தியது. சின்னது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

நான் கற்பூரத் தட்டோடு நின்றேன். முதலை விழுங்கிய பிள்ளையையே திருப்பிக் கொடுத்த அவிநாசியப்பனுக்கு, ஒரு விரல் நீள மீன் பெரிய வேலையா? பிழைக்க வைத்தால் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டினேன்.

அந்த நேரத்தில்தான் கவிதா பையோடு உள்ளே வந்தாள். கூடமெல்லாம் நுரை. அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன மீனைக் கையால் தாங்கித் தண்ணீரில் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினாள். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். அலசியதும் நுரையே இல்லை என்பதை இரண்டு முறை சொன்னேன்.

"எந்தத் தண்ணியில அலசுனீங்க?"

"போர்த் தண்ணியில கண்ணு."

"உப்புத் தண்ணியில சோப்பு என்னைக்குங்ப்பா நுரைச்சிருக்குது?"

அந்தத் தண்ணீரில்தான் நாற்பது வருடமாகக் குளிக்கிறேன். நுரைக்காத சோப்பைத் திட்டாத நாளில்லை. துணியில் தங்கியிருந்த சோப்பெல்லாம் நல்ல தண்ணீர் பட்டதும்தான் பொங்கியிருக்கிறது.

சின்ன மீன் வெகுநேரம் கழித்து ஒரு முறை வாலை ஆட்டியது. பிறகு நிமிர்ந்தது. ருக்மணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமைக்கத் தண்ணீர் இல்லை, கடையில் இட்லி வாங்கிவாருங்கள் என்றாள்.

மறுநாள் ஸ்பாஞ்சு ஃபில்டர் வாங்கப் போனேன். நான் வாய் திறக்குமுன்பே கடைக்காரர் அதை எடுத்து நீட்டினார். அது அவருடைய பெருந்தன்மை. அந்த வாரமே அவிநாசிக்கு நடந்தேன். பாதி வழியில் பல்லடத்து மச்சான், ருக்மணியின் அண்ணன், போன் செய்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, மீனுக்கு சோப்புப் போட்டுக் குளிக்க ஊத்துனீங்களாமா?"

அன்று தொடங்கியது. இன்றுவரை எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், சோப்பா சீயக்காயா என்று யாராவது கேட்கிறார்கள். ஒருவர் சொல்லும் கதையில் நான் மீனைக் கொடியில் காயப்போடுகிறேன். இன்னொன்றில் அதற்குப் பனியன் போட்டிருக்கிறேன். மறுத்து மறுத்து எனக்கு அலுத்துவிட்டது. கவிதா இப்போது வேலைக்கே போகிறாள், மீன்கள் இரண்டும் கொழுகொழுவென்று இருக்கின்றன. என் பெயர் மட்டும் அன்று அலசின துணி மாதிரி சோப்புப் போகாமலே கிடக்கிறது.

அதனால் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவிநாசியப்பன் அறிய நான் துவைத்தது துணியைத்தான். மீனை அல்ல.