மோர்பியில் இருந்து வந்த பல்லி

ஒஸ்லோவில் தமிழராய் வாழ்வதில் ஒரு பெரிய வசதி உண்டு. ரயிலில் எதிரே இருப்பவரின் மூக்கைப் பற்றி, அந்த மூக்குக்கு முன்னாலேயே இருந்து கதைக்கலாம். அவர் மரியாதையாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாள் போகப் போக இந்த வசதி ஒரு வியாதியாகிவிடும். எனக்கு அது முற்றியிருந்த காலத்தில்தான் மோர்பியில் இருந்து ஆட்கள் வந்தார்கள்.

மோர்பி குஜராத்தில் உள்ள ஒரு தொழில் நகரம். உங்கள் குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் டைல்ஸ் அங்கே பிறந்ததாக இருக்கலாம். நான் அப்போது ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு டைல்ஸ் மொத்த வியாபாரியின் கிடங்கில் பாரந்தூக்கி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி பியோர்ன், "நீ இந்தியாதானே?" என்று கேட்டார். நான் "யா" என்று சொல்லிவிட்டேன். (யாழ்ப்பாணம், இலங்கை, அது வேறு நாடு, இடையில் கடல் என்று விளக்கி முடிக்க ஒரு காப்பி இடைவேளை காணாது. இஞ்சை உள்ள எங்கடை ஆக்களில் கனபேர் ஒருக்காலாவது இந்த "யா"வைச் சொல்லித் தப்பியிருப்பினம்.) அந்த "யா" வருடக்கணக்காக யாருக்கும் தொந்தரவு தராமல் கிடங்கின் ஒரு மூலையில் கிடந்தது.

ஒருநாள் பியோர்ன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மோர்பியில் இருந்து இரண்டு பேர் விலை பேச வருகிறார்கள். உன் ஊர்க்காரர்கள். எங்களோடு ஆங்கிலம் பேசுவார்கள். தங்களுக்குள் பேசும்போது உங்கள் மொழிக்குத் தாவுவார்கள். நீ டைல்ஸ் அடுக்குவதுபோல் பக்கத்தில் நில். எவ்வளவுக்கு இறங்குவார்கள் என்று கேட்டுச் சொல். கொள்வனவுப் பொறுப்பாளரின் கதிரை இந்தக் கோடையோடு காலியாகிறது."

அந்தக் கதிரையை நான் அறிவேன். அது சூடாக்கி இருக்கும் அறையில் இருக்கிறது. கிடங்கின் பெரிய கதவு திறக்கும்போதெல்லாம் தை மாதக் காற்று என் முழங்காலுக்குள் புகுந்து குடியிருந்துவிட்டுப் போகும். எனக்குக் குஜராத்தி தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயோ "யா" என்றது.

அன்று மாலை மனைவி ரஜனியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு எப்ப குஜராத்தி தெரியும்?"

"ஹிந்திப் பாட்டு விளங்குதுதானே. ரெண்டும் ஒரு பக்கத்துப் பாசை."

"அப்பிடியெண்டா நோர்வேஜியன் தெரிஞ்ச உங்களுக்குப் பின்லாந்துக்காரன் கதைக்கிறதும் விளங்க வேணுமே."

நான் இணையத்தில் மோர்பியைப் படிக்கப் போனேன். மொழி தெரியாவிட்டாலும் ஊர் தெரிந்தால் சமாளிக்கலாம் என்பது என் கணக்கு. அந்த ஊர் முதலில் கூரை ஓடு சுட்டது. பிறகு சுவர்க்கடிகாரம் செய்தது. அதற்கும் பிறகு டைல்ஸில் இறங்கி நகரைச் சுற்றித் தொழிற்சாலைகளாய் முளைத்துவிட்டது. படித்து முடித்ததும் நானே அங்கே பிறந்ததுபோல் ஒரு தெம்பு வந்தது.

அவர்கள் வந்தார்கள். தொழிற்சாலை முதலாளி மன்சுக்பாய் நரைத்த தலையும் கூர்மையான கண்ணும் கொண்ட பெரியவர். கூட வந்தது அவருடைய அண்ணன் மகன் பாவேஷ். கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு ஒரு வார்த்தையும் அநாவசியமாகப் பேசாதவர். பெரியவர் எங்கள் கிடங்கில் இருந்த ஒவ்வொரு டைல்ஸையும் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். நல்லது கிண்ணென்று ஒலிக்கும். உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தம் செத்துப்போகும் என்று பாவேஷ் ஆங்கிலத்தில் விளக்கினார். எங்கள் கிடங்கின் சரக்கில் பல சத்தங்கள் செத்திருந்தன.

இருவரும் தங்களுக்குள் கதைத்தார்கள். நான் அடுக்கிய பெட்டியையே திரும்ப அடுக்கிக்கொண்டு காதைத் தீட்டினேன். "காதல்", "இதயம்", "நிலா" ஆகிய மூன்றுக்கும் எனக்கு ஹிந்தி தெரியும். டைல்ஸ் வியாபாரத்தில் அவை அதிகம் புழங்குவதில்லை. தூரத்தில் நின்று பியோர்ன் புருவத்தை உயர்த்தினார். நான் போய், "நன்றாக இறங்குவார்கள். இன்றைக்கே முடித்துவிட்டுப் போகிற அவசரத்தில் இருக்கிறார்கள்" என்று காதுக்குள் ஓதினேன். அவர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலில் சூடாக்கியின் வெப்பம் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ரஜனி அழைத்தாள். விருந்தினர்கள் இரண்டு அடி தள்ளி நின்றார்கள். அதனாலென்ன, தமிழ்தானே.

"என்ன மாதிரிப் போகுது?"

"கிழவன் சுவர்ப்பல்லி மாதிரி ஒவ்வொரு டைல்ஸிலையும் ஒட்டிக்கொண்டு டிக் டிக் எண்டு தட்டுது. மற்றது தொப்பிக்குள்ளை நித்திரை."

"விளங்குதோ?"

"ஒரு மண்ணும் விளங்கேல்லை. நல்லா இறங்குவினமெண்டு பியோர்னுக்கு அடிச்சு விட்டிருக்கிறன்."

"பிடிபட்டா?"

"ஆர் பிடிக்கிறது? இதுகளுக்கு என்ன தெரியும்."

பாவேஷ் ஒரு டைல்ஸின் பின்பக்கத்தை அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பேச்சுவார்த்தை மேசையில், என் உளவுத் தகவலை நம்பி, பியோர்ன் ஒரு விலையைச் சொன்னார். அவர்கள் கேட்ட விலையில் ஏறக்குறையப் பாதி. பெரியவர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். பாவேஷ் அவருக்குக் குஜராத்தியில் நீளமாக ஏதோ சொன்னார். இடையில் தன் தொப்பியைத் தொட்டுக் காட்டினார். பிறகு சுவரைக் காட்டி விரல்களால் ஊர்ந்து காட்டினார். எனக்கு முதல்முறையாகக் குஜராத்தி விளங்கத் தொடங்கியது.

பாவேஷ் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நான் பொறந்து வளர்ந்ததெல்லாம் சென்னை சௌகார்பேட்டை. எங்கப்பாவுக்கு அங்கதான் டைல்ஸ் கடை. சித்தப்பா சொல்றதை நான் தமிழ்ல சொல்றேன், நீங்க உங்க முதலாளிக்கு அவர் பாஷையில சொல்லிடுங்க. தொப்பி மேட்டரை அப்புறம் பேசிக்கலாம்."

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். (காலியாகப் போகிற கதிரை இல்லை, கிட்ட இருந்த பிளாஸ்டிக் கதிரை.)

"சித்தப்பா கோவப்படலை. 'எங்க ஊர்ல விவசாயம் பண்ணிட்டிருந்தவங்கதான் சொந்தக்காரங்களைக் கூட்டுச் சேர்த்துச் சூளை வச்சாங்க. ஓடு படுத்துச்சு, கடிகாரம் செஞ்சோம். அதுவும் டல்லாச்சு, டைல்ஸுக்கு வந்தோம். ஒண்ணும் தெரியாமத்தான் ஒவ்வொண்ணையும் ஆரம்பிச்சோம். இந்தத் தம்பியும் நம்மூரு ஆளுதான்'ங்கிறாரு. ஆனா, நாங்க தெரியாத சரக்கைக் கத்துக்கிட்டு அப்புறம்தான் வித்தோமாம். விலை குறையாது, அதையும் சொல்லிடுங்க."

நினைத்திருந்தால் அப்போதும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். நோர்வேஜியன் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் பெரியவர் மேசையில் கிடந்த டைல்ஸை மெதுவாக ஒருமுறை தட்டிவிட்டு என்னையே பார்த்தார். நான் பியோர்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விலை குறையாது. முன்பு சொன்னது என் கற்பனை. எனக்கு அவர்கள் மொழி தெரியாது. நான் இந்தியனே இல்லை.

பியோர்ன் யோசித்தார். "இப்போது அவரோடு எந்த மொழியில் பேசினாய்?"

"தமிழில்."

"அவர் எந்த நாடு?"

"இந்தியா."

"அவர் சொன்னது உனக்கு விளங்கியது."

"யா."

"பிறகென்ன" என்றார் பியோர்ன். அதற்கு மேல் அந்த மனிதருக்குப் புவியியல் ஏறவில்லை. நான் சொன்னது கற்பனை என்பது மட்டும் நன்றாக ஏறியது. அவர்கள் கேட்ட விலைக்கே சரக்கு வாங்கப்பட்டது. கதிரை கணக்குப் பிரிவில் இருந்த மரியானாவுக்குப் போனது. காற்று என் முழங்காலில் குத்தகையைப் புதுப்பித்துக்கொண்டது.

முதல் கொள்கலன் வந்து இறங்கியபோது, அதற்குள் என் பெயர் எழுதிய ஒரு சிறிய பெட்டி இருந்தது. மோர்பியில் இப்போது எந்தப் படத்தையும் டைல்ஸில் அச்சடித்துத் தருவார்களாம். உள்ளே இருந்தது ஒரேயொரு வெள்ளை டைல்ஸ். அதன் நடுவில் வாலைச் சற்று வளைத்தபடி ஒரு சுவர்ப்பல்லி. பல்லியின் தலையில் கம்பளித் தொப்பி.

ரஜனி அதை ஹவுகன்ஸ்டுவாவில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையில், கண்ணாடிக்குப் பக்கத்தில், நான் பல் விளக்கும்போது நேரே பார்க்கும் உயரத்தில் ஒட்டுவித்தாள். வருகிற விருந்தாளிகள் கை கழுவிவிட்டு வந்து கேட்பார்கள். கதை தொடக்கத்தில் இருந்து சொல்லப்படும். நான் இருக்கிறேனா இல்லையா என்பது பொருட்டில்லை.

போன கிழமை மகளிடம், நான் படிக்கிற காலத்தில் கணக்கில் எப்போதும் முதலாம் பிள்ளை என்று ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் எழுந்து குளியலறைக்குள் போனாள். விரல் முட்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அம்மா," என்றாள் உள்ளேயிருந்து, "வெடிப்பு இருக்கு."