வேகப் பெட்டியும் ஒரு இன்ஷா அல்லாஹ்வும்

ஜர்ஜீஸ் ஊர், எண்ணெய் மில்

அன்பும் படிப்பும் நிறைந்த மருமகன் ஷிஹாபுக்கு, முன்ஜி மாமா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நானும் உன் மாமியும் சுகம். மில்தான் சுகமில்லை. ஆலிவ் எண்ணெய் பிரிக்கிற சுழலி நின்றுவிட்டது. அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி எரிந்துபோனதால், நீ வேலை பார்க்கிற ஹாம்பர்க் கம்பெனியில் புதிது கேட்டேன். ஊராருடைய காய் மூட்டையெல்லாம் என் வாசலில் சூடேறிப் புளித்துக்கொண்டிருக்கிறது.

உங்க அரசாங்கம் உத்தரவு தராம பெட்டி நகராதாம். அதே பெட்டியை வச்சு அணுகுண்டுக்கு யுரேனியம் பிரிக்கலாமாம். எனக்கு எண்ணெயிலேருந்து தண்ணியைப் பிரிக்கவே முழி பிதுங்குது! சரி, நீ அனுப்பின உறுதிமொழித் தாளை நிரப்பினேன். ஆயுதம் செய்ய மாட்டேன், இன்ஷா அல்லாஹ். யாருக்கும் கைமாத்த மாட்டேன், இன்ஷா அல்லாஹ். நாளைக்கு நடக்கப்போறதை அவனைச் சேர்க்காம எப்படிப்பா எழுதுறது? உடனே உங்க கம்பெனி அதிகாரி அம்மா பிரெஞ்சில போன் போட்டு, இறைவன் நாடாவிட்டால் ஆயுதம் செய்வீங்களான்னு கேக்கறாங்க.

"தாயி, அவன் நாடலைன்னா நாளைக்கு நான் காபிகூடக் குடிக்க முடியாது"ன்னேன்.

அதையும் எழுதிக்கிட்டாங்க போல. 'நிபந்தனையோடு கூடிய உறுதி'ன்னு தாள் திரும்பி வந்துடுச்சு. அந்த வார்த்தையை அடிச்சுத் தொலைங்கன்னு உன் மாமி கத்துறா. அடிச்சா எனக்குப் பாவம், அடிக்கலைன்னா ஊருக்கு எண்ணெய் இல்லை. ரெண்டு நாளா சோறு இறங்கல மருமகனே. நீதான் அந்த அம்மாகிட்ட எடுத்துச் சொல்லணும். இந்தப் பெட்டி என் மில் வாசல்படியைத் தாண்டினா என்னை ஏன்னு கேளு.

குழந்தைகளுக்கு என் துஆ. உன் மனைவிக்குப் போன வருஷத்து எண்ணெய் ஒரு டின் எடுத்து வைத்திருக்கிறேன். அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தைப் பெருக்குவானாக.

இப்படிக்கு, உன் மாமா
முன்ஜி

பின்குறிப்பு: இதை ஒட்டுறதுக்குள்ள லிபியாவிலேருந்து நம்ம சம்பந்தி மிஃப்தாஹ் வந்து உட்கார்ந்துட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் அவர் மில்லுலயும் பெட்டி எரிஞ்சுபோச்சாம். வீடு தேடி வந்த மனுஷனை இல்லைன்னு எப்படி அனுப்புறது? பெட்டி ரெண்டா அனுப்பு. ரெண்டும் எனக்கேதான்னு புதுத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோட வச்சிருக்கேன். அந்த அம்மா சந்தோஷப்படுவாங்க, இந்தத் தடவை இன்ஷா அல்லாஹ் எழுதல. இதுல அவனை எதுக்கு இழுக்கிறது?