செத்தவருக்கு நான் கட்டிவைத்த சம்சாரம்

அன்பாக நடந்துகொண்டால் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். யாருடைய உடம்புக்கு என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. நான் என் உடம்பை வைத்தே சோதித்துப் பார்த்தவன். அதனால் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

வெள்ளைக்காரன் யுத்தத்துக்காக ஆவடிப் பக்கம் வரிசை வரிசையாகக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்த காலம். நான் முத்தாபுதுப்பேட்டையில் செங்கல் சுமந்தேன். அதற்கு முன்னால் பூந்தமல்லியில் தோலுக்கு உப்புத் தடவினேன். அதற்கும் முன்னால் நாலாம் வகுப்பில் இருந்தேன். வாத்தியார் ஒருநாள் "வெளியே போ" என்றார். போனவன்தான், அப்புறம் எங்கேயும் நிற்கவில்லை. கிடைத்தால் கூழ், கிடைக்காவிட்டால் தண்ணீர். இரண்டுக்கும் வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.

பூந்தமல்லிச் சந்தையில் கோட்டு மாட்டிய லேகிய வியாபாரி ஒருவர் பெட்டிமேல் நின்று முழங்கினார்: "தினம் ஒரு ஜீவனுக்கு உபகாரம் பண்ணுங்கள், பித்தம் தணியும்! கூடவே இந்த லேகியத்தை இரண்டு வேளை சாப்பிடுங்கள்!" லேகியம் வாங்க எனக்கு வக்கில்லை. உபகாரம் இலவசம். அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதல் உபகாரமாக ஒரு நாய்க்குக் கூழ் ஊற்றினேன். அது நன்றியோடு என் பின்னாலேயே வேலைக்கு வந்து மேஸ்திரியின் காலைக் கவ்வியது. என்னைத் துரத்திவிட்டார்கள். (நாயைத் துரத்தவில்லை. அது அங்கேயே தங்கி நன்றாகக் கொழுத்தது என்று கேள்வி.)

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது பித்தம் தலைக்கே ஏறியிருந்தது. வேலை தேடி அம்பத்தூர்ப் பக்கம் நடந்து கள்ளிக்குப்பம் வந்தேன். அங்கே ஒரு வீட்டு வாசலில் பாடை கட்டித் தயாராக இருந்தது. தூக்கத்தான் ஆளில்லை. கிணற்றடியில் நாவிதர் கத்தியை மடித்து வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் எடுக்கல?" என்றேன்.

"எடுத்தா கொள்ளி வெக்கிறது யாரு, தம்பி? சின்னசாமிக்கு ஒரே பொண்ணு. அண்ணன் மவன் ஏழுமலைதான் வெக்கணும். ஏரிக்கரைக் கழனிய எழுதிக் குடுத்தாத்தான் மொட்டை போட்டுக்குவேன்னு குந்திகினுகீறான். அது ஒண்ணுதான் அந்தப் பொண்ணுக்கும் அவ ஆத்தாளுக்கும் சோறு. காலைலேர்ந்து பொணம் காயுது."

"ஒரு தலைதானே வேணும்? என் தலை சும்மாத்தான் கீது."

நாவிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ அவுருக்கு இன்னா மொறை?"

"மனுசனுக்கு மனுசன்," என்றேன். (என்ன உயர்ந்த பதில்! எனக்கே புல்லரித்தது. நாவிதருக்கு ஒன்றும் அரிக்கவில்லை. அவருக்குத் தலை கிடைத்தால் போதும்.)

மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: பிள்ளை. பிள்ளை என்றால் பங்கு. இது கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் உபகாரம் செய்கிறவன் இதையெல்லாம் யோசித்தால் அப்புறம் உபகாரம் எப்படி நடக்கும்?

மீசையும் போன பிறகு ஏழுமலை வந்தான். வந்ததும் என் கழுத்தைத்தான் பிடித்தான்.

"யார்ரா நீ? யாரைக் கேட்டுடா மொட்டை போட்டே?"

"சும்மா... ஒரு உபகாரமா..."

"மண்டையப் பொளந்துருவேன், உபகாரமாம்!"

சத்தம் கேட்டுச் சின்னசாமியின் மகள் கன்னியம்மா வெளியே வந்தாள். (லட்சணமான பெண். எனக்கு வந்த முதல் எண்ணம் அண்ணன்மாருக்கு வரக்கூடியதல்ல.) என் மொட்டையைப் பார்த்தாள். ஏழுமலையின் கையைப் பார்த்தாள். கோழி ஒரு தானியம் கொத்தும் நேரம்தான் யோசித்திருப்பாள்.

"கைய எடு! அது எங்க அண்ணாத்தே. நைனா ஆவடியில ஒருத்திய வெச்சிகினு இருந்தாரே, அவளுக்குப் பொறந்தது."

தெருவே என் முகத்தைப் பார்த்தது. நான் மறுக்க வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள்.

"அதான பாத்தேன்! அதே மூக்கு!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"மூக்கு மட்டுமா? நிக்கிறதப் பாரு, அப்பிடியே சின்னசாமி!"

"அந்தப் பொம்பளைய நான் பாத்துகீறேன். செவப்பா, ஒசரமா இருப்பா," என்றார் மூன்றாவது ஆள். (என் தாயாரைப் பற்றி நானே அப்போதுதான் கேள்விப்பட்டேன்.)

இதையெல்லாம் நம்பக்கூடாத ஒரே ஆள் நம்பிவிட்டாள். சின்னசாமியின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பிணத்தின் மார்பில் அறைந்தாள். "அடப்பாவி மனுசா! மாடு பாக்கப் போறேன் மாடு பாக்கப் போறேன்னு ஆவடிக்குப் போனியே! ஒரு கன்னுக்குட்டிகூட ஓட்டிகினு வரலியே! இதானா நீ பாத்த மாடு?"

அந்த மனிதர் வாழ்நாளில் வேறொரு பெண்ணை நிமிர்ந்து பார்த்ததில்லை என்று பிற்பாடு ஊரே எனக்குச் சொன்னது. அன்றைக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. நெற்றியில் காசோடு படுத்திருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "உங்க நைனா பேரு கெட்டுப் போவுதே," என்று கன்னியம்மாவிடம் கிசுகிசுத்தேன்.

"போனா போவுது. அவுரு கேக்கவா போறாரு? கழனி போனா நானும் அம்மாவும் எங்க போயி நிக்கிறது? மூடிகினு கொடத்தைத் தூக்கு, அண்ணாத்தே."

தூக்கினேன். கொள்ளியும் வைத்தேன். கழனி தப்பியது. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ஏழுமலை விட்ட அறையில் என் கடைவாய்ப் பல் தப்பவில்லை. பங்காளி என்றால் அடித்துக்கொள்வது சகஜம்தான் என்று பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள்.

வீங்கிய வாயும் மொட்டைத் தலையுமாக வானகரத்துக்கு, என் சொந்த வீட்டுக்குப் போனேன். என் சொந்த அப்பா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"யார்ரா செத்தது?" என்று பதறினார்.

"அப்பா," என்றேன்.

"நான் இங்கதானடா குந்திகினுகீறேன்?"

"நீ இல்லப்பா. கள்ளிக்குப்பத்து அப்பா."

"எத்தினி அப்பன்டா ஒனக்கு?"

உள்ளேயிருந்து வந்த அம்மா முதலில் அப்பாவைத் தொட்டுப் பார்த்தாள், உயிர் இருக்கிறதா என்று. இருந்தது. அடுத்து விளக்குமாற்றை எடுத்தாள்.

கன்னியம்மாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. வரிசையாகப் பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? எந்த ஊரில் எந்த வேலையில் இருந்தாலும் ஆள் அனுப்பிப் பிடித்துவிடுவாள். ஒரு குழந்தைகூட என் மடியை நனைக்காமல் காது குத்திக்கொண்டதில்லை.

அவள் அம்மாதான் என்னை அசரவைத்தவள். ஒரு பொங்கலுக்கு என் கையில் ஒரு வெள்ளைப் புடவையை வைத்தாள்.

"உங்கம்மாளுக்குக் குடு. ரொம்ப நாளா அவளைத் திட்டிகினே கெடந்தேன். திட்டத் திட்ட எனக்குத்தான் நெஞ்சு வலிச்சுது. பாவம், அவளுந்தானே தாலி அறுத்துட்டு நிக்கிறான்னு தோணிச்சி. இப்பத்தான் மனசு லேசா கீது."

இல்லாத ஒரு பொம்பளைமேல் அவள் காட்டிய அன்பு ஒன்றுதான் இந்தக் கதையில் யாருக்காவது பலித்தது. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அவள் கொடுத்த புடவையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என் அம்மா வெள்ளை உடுத்த முடியுமா? தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டாள். அப்பாதான் அதை இரண்டாகக் கிழித்து வேட்டியாகக் கட்டிக்கொண்டார். நல்ல துணி, நன்றாக உழைத்தது. கார்த்திகை பிறந்தாலே பொங்கலுக்கு எத்தனை நாள் என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தாலும், நன்றாயிருக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. "செத்தது யாரு?" என்றுதான் கேட்கிறார்கள்.