நாய் யார் வீட்டுது என்று நான் நிரூபித்த கதை

சந்தேகப்படுகிறவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுத்தப் பொய். சந்தேகப்படுகிறவர்களும் ஏமாறத்தான் செய்கிறார்கள். என்ன, ஆட்டோ பிடித்துப் போய், சொந்தச் செலவில் ஏமாறுகிறார்கள். நான் அப்படிப் போய் வந்தவள்.

எனக்குப் பால் பாக்கெட்மேல் சந்தேகம் (வாங்கும்போது நிறைய இருக்கிறது, காய்ச்சும்போது குறைகிறது). வாட்ஸ்அப்பில் ‘சேலை சூப்பர் அக்கா’ என்று எழுதிவிட்டு வாங்காமல் போகிறவர்கள்மேல் சந்தேகம். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்அறையிலேயே தறி இருக்கிறது. என் வீட்டுக்காரர் நெய்வார், நான் படம் எடுத்துப் போட்டு விற்பேன். அவர் யாரையும் சந்தேகப்பட மாட்டார். அதனால் அவர் பங்கையும் சேர்த்து நானே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வருடம் வாழைப்பூ மடல் நிறத்தில் ஒரு சேலை போட்டோம். சாயக்காரர் உயிரை வாங்கி, திரும்பத் திரும்பத் தோய்க்கவைத்துக் கொண்டுவந்த நிறம். நன்றாக விற்றது. விற்றதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, யாராவது காப்பி அடித்துவிட்டால்? நெய்து முடித்த சேலையை அறுத்து எடுத்தபின் தறியில் மிஞ்சுகிற நூலைக்கூடச் சுருட்டி பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாம்பிளுக்கு ஒரு துண்டு மட்டும் என் பர்ஸில் இருக்கும்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு தேவகி புதுப் பாவு போடுகிறாள், அதுவும் ஏதோ பூ நிறமாம் என்று காதில் விழுந்தது.

பாவு என்றால் சேலையின் நீளவாட்டு நூல். எங்கள் பக்கம் அதை விடியற்காலையில் தெருவில் நீளமாகக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளை ஒட்டிக் காயவைப்போம். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலை இல்லை. தெருவே இரண்டு பக்கமும் நின்று கை கொடுக்கும். இன்றைக்கு உன் பாவுக்கு நான், நாளைக்கு என் பாவுக்கு நீ. அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் பாவு. கல்யாண ஆர்டர் வேறு.

தேவகியின் பாவுக்கு என் வீட்டுக்காரர் இருட்டோடு எழுந்து போய்விட்டார். நானும் ‘கை கொடுக்க’ப் போனேன். கண்ணெல்லாம் நிறத்தின் மேலேயே. வெளிச்சம் சரியாக வரவில்லை, ஒன்றும் பிடிபடவில்லை. யாரும் பார்க்காத நேரம் பார்த்துக் குனிந்து, ஓர் இழையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். ஒரே ஓர் இழைதான்.

பின்னாலிருந்து நாய் கடித்தது.

எங்கே கடித்தது என்பதை டாக்டர், வக்கீல், போலீஸ் மூவரிடமும் ‘இடுப்புக்குக் கொஞ்சம் கீழே’ என்றுதான் சொன்னேன். அந்தக் ‘கொஞ்சம்’ என்பதை நீங்களும் பெரிய மனது பண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். நான் அலறிக்கொண்டு பாவின் மேலேயே விழுந்தேன். படபடவென்று இழைகள் அறுந்தன.

“ஐயோ, பாவு!” என்று கத்தினாள் தேவகி.

ஐயோ அக்கா என்று கத்தவில்லை, பாவு என்றுதான் கத்தினாள். அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இது திட்டமிட்ட சதி. அந்தப் பழுப்பு நாய் எந்நேரமும் அவள் வாசலில்தான் படுத்துக் கிடக்கும். வேறு யார் ஏவியிருப்பார்கள்?

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவச் சொன்னார்கள், கழுவினேன். ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டரம்மா கேட்டார். “வளக்கிற நாயா, தெரு நாயா?”

“பக்கத்து வீட்டு நாய்மா.”

“அதுக்கு ஊசி போட்டிருக்காங்களா?”

“போட்டிருக்க மாட்டாங்க. கஞ்சம்.”

எனக்குப் போட இருந்த ஊசி மருந்தின் குப்பியையும் வாங்கிக் காலாவதித் தேதி பார்த்தேன். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

சாயங்காலமே வக்கீலிடம் போனேன். தனசேகர் என்று எங்களுக்குத் தூரத்து உறவு, ‘மாமா’ என்று கூப்பிடுவேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே விவரம் சொன்னேன்.

“வளக்கிறவங்க நாயை ஜாக்கிரதையா பாத்துக்கணும்மா. அலட்சியமா விட்டு யாரையாவது கடிச்சா தண்டனை இருக்குது, ஸ்டேஷன்ல புகார் குடுக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போவாத நாளு, பட்ட வேதனை, இதுக்கெல்லாம் நஷ்டஈடு கேட்டு சிவில் கோர்ட்டுக்கும் போலாம். ஆஸ்பத்திரி சீட்டு, காயத்தோட போட்டோ எல்லாம் பத்திரமா வெச்சுக்கோ” என்றார்.

“போட்டோவா?” என்றேன். அந்த விஷயத்தை இருவரும் அத்தோடு விட்டுவிட்டோம்.

“தெரு நாயா இருந்தா மாநகராட்சி கிட்ட கேக்கலாம், ஆனா இழுத்துக்கினே போவும். வளக்கிற நாயின்னா அவங்களுதுன்னு நீதான் நிரூபிக்கணும். யாரு சோறு வெக்கிறாங்க, யாரு கழுத்துல பட்டை கட்டினாங்க, இதெல்லாம் பாப்பாங்க. அது சரி, அந்த நேரத்துல நீ அங்க இன்னா பண்ணிக்கினு இருந்த?”

“கை குடுத்துக்கினு இருந்தேன் மாமா.”

அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். இவர் தேவகிக்கும் உறவாயிற்றே என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

வீட்டில் என் வீட்டுக்காரர் கெஞ்சினார். “கேஸு கீஸு வாணாம்மா. வெள்ளிக்கிழமை நம்ம பாவு. நீ தேவகி மேல புகார் குடுத்தா தெருவுல ஒரு ஆளு வரமாட்டான். கல்யாணச் சேலை இன்னா ஆவறது? அந்த நாயும் பாவம்.”

“கடி வாங்கினவ பாவம் இல்லியா?”

“நீயும் பாவந்தான்” என்றார். இரண்டாவதாகச் சொன்னதைக் கவனித்துக்கொண்டேன். தேவகி வீட்டார் இவரையும் வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன்.

இரண்டு நாள் ஜன்னல் இடுக்கில் நின்று (உட்கார முடியாததால் அதில் சிரமம் இல்லை) போனில் படம் எடுத்தேன். நாய் தேவகி வாசலில் படுத்திருப்பது, எழுந்து நின்று மறுபடியும் படுப்பது. கழுத்தில் ஏதோ நூல் பின்னிக் கட்டியிருந்தது. தூரத்தில் கறுப்பாகத்தான் தெரிந்தது. அது போதுமே! தறிக்காரர்கள் கட்டிய பட்டை, தறிக்காரி தேவகி, முடிந்தது கதை.

ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. இருந்தார். தேவகியையும் அவள் கணவரையும் கூப்பிட்டனுப்பினார். நான் ஆட்டோவில் சாய்ந்த வாக்கில் போனேன். என் வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தார். ஸ்டேஷன் வாசலில் பார்த்தால் அந்த நாயும் வந்து நிற்கிறது. சாட்சியைக் கலைக்க அழைத்து வந்திருக்கிறார்கள் என்று எஸ்.ஐ.யிடம் சொல்லிவைத்தேன்.

“மேடம், அது எங்க நாயே இல்ல” என்றாள் தேவகி. “எங்க வாசல்ல நிழலு இருக்குது, வந்து படுக்குது. அதை வுடுங்க, இவங்க எங்க பாவுல நூலு உருவுனாங்க, அதைக் கேளுங்க. எவ்ளோ இழை அறுந்து போச்சு தெரியுமா?”

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். “நூல் உருவுனீங்களா?”

அங்கேதான் என் வாயில் சனி உட்கார்ந்தது. “ஆமா மேடம், உருவினேன்! ஏன் உருவினேன்? இவ என் கலரைக் காப்பி அடிக்கிறா. அந்தக் கலரு காஞ்சிபுரத்துலயே எங்க தறியில மட்டுந்தான் இருக்குது. ஒரு துண்டு நூலுகூட எங்க வீட்டை வுட்டு வெளியே போனதில்ல. எந்தக் கோர்ட்டுல வேணா சத்தியம் பண்றேன்!”

பர்ஸைத் திறந்து சாம்பிளை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

தேவகி தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த அறுந்த இழைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கத்தரிப்பூ நிறம். என்னுடையதற்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம்.

எஸ்.ஐ. என் சாம்பிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெயிலில் நாய் நின்றுகொண்டிருந்தது. குனிந்து, அதன் கழுத்தில் இருந்த பின்னலுக்குப் பக்கத்தில் நூலைப் பிடித்தார். இரண்டும் ஒரே வாழைப்பூ மடல். நல்ல வெயிலில் அந்த நிறம் இன்னும் எடுப்பாக இருந்தது.

“ஒரு துண்டு நூல்கூட வெளிய போனதில்லன்னு சொன்னீங்க இல்ல?” என்றார்.

நான் மெதுவாகத் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நாய் எனக்கு முன்பே அவரைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

“நாய் வண்டி வந்துச்சும்மா” என்றார். “கழுத்துல ஏதாவது இருந்தா புடிக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. நீ நூலைப் பூட்றதுக்கு முன்னாடி கொஞ்சம் எடுத்துக் கட்னேன். பாவு கிட்ட ஆடு, மாடு, வேற நாயி வந்தா தொரத்தச் சொல்லிப் பழக்கினேன். குனிஞ்சு நூலை இழுத்தா கடிக்கும்னு எனக்கே தெரியாது.”

“பாலு குறையறது?”

“அதுவும் நாந்தான்.”

தேவகி முதலில் சிரித்தாள். அப்புறம் அவள் கணவர், அப்புறம் வாசலில் நின்ற போலீஸ்காரர். எனக்கு அழுகை வந்தது, அவமானத்தில்தான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சாம்பிளோடு போய்க் கெட்டேன்.

எஸ்.ஐ. மட்டும் சிரிக்காமல் கேட்டார். “நாயை வளக்கிறவர் இவர்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. இவர் மேல புகார் எழுதிக்கட்டுமா? நஷ்டஈடும் கேக்கலாம்.”

வக்கீல் மாமாவுக்குப் போன் போட்டேன். முழுதும் கேட்டுவிட்டு, “தாராளமா கேளு. உன் வீட்டுக்காரர்கிட்ட வாங்கி உன் வீட்டுலயே குடுத்துருவாங்க” என்றார்.

தேவகியின் இழைகளை ஒட்டுகிற கூலியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். மன்னிப்பும் கேட்டேன். (“பரவால்ல வுடுக்கா” என்றாள் உடனே. எதற்கு இவ்வளவு சீக்கிரம் மன்னிக்கிறாள் என்று ஒரு கணம் தோன்றியது, அடக்கிக்கொண்டேன்.)

வெள்ளிக்கிழமை விடியும்வரை நான் தூங்கவே இல்லை. யாரும் வரமாட்டார்கள், ஆர்டர் போயிற்று என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு பக்கமாக. கதவைத் திறந்தால் தெருவே நின்றது. தேவகி பாவின் முதல் ஆளாக நின்றுகொண்டு உரக்கச் சொன்னாள்: “அண்ணா, நாயி இருக்கட்டும். அக்கா மட்டும் பாவு கிட்ட வரவாணாம்.”

தெரு சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? அன்றைக்கு நான் செய்த ஒரே வேலை எல்லோருக்கும் டீ போட்டது. இன்றைக்கும் எந்த வீட்டுப் பாவானாலும் என் வேலை அதுதான்.

வக்கீல் மாமா சொன்னபடி நாய்க்கு ஊசி போட்டு, மாநகராட்சியில் லைசென்ஸும் எடுத்தாயிற்று. அதற்குப் போய்வந்தது என் வீட்டுக்காரர். கொண்டுவந்த காகிதத்தைப் படித்துப் பார்த்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர், இனி அது யாரைக் கடித்தாலும் கேஸ் என் மேல். கேட்டால், “ஸ்டேஷன்ல நீதானேம்மா நம்ம வீட்டு நாயின்னு நிரூபிச்ச?” என்கிறார். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் சௌக்கியமா என்று கேட்பதில்லை. “உன் மேல கேஸு ஒண்ணும் இல்லியே?” என்றுதான் கேட்கிறார்கள்.