செரிஃபோஸுக்கு வழி போட்டவர்

மனிதர்களில் 'வழி போடுபவர்' என்றொரு இனம் உண்டு. எங்கள் பிரேயஸ் துறைமுகப் பக்கம் இந்த இனம் குளிர்காலத்தில்தான் செழிக்கும். வெளியே மழை கொட்டும், படகு தார்ப்பாய்க்குள் உறங்கும், இவரோ சாப்பாட்டுக் கடை மூலையில் உட்கார்ந்து ஆகஸ்ட் மாதத்துக்கான ஒரு வாரத் தீவுப் பயணத்தை நடத்திக்கொண்டிருப்பார். உப்புக் குப்பி கேயா தீவு. எலுமிச்சைத் துண்டு கித்னோஸ். ஊஸோ சாராய டம்ளர் செரிஃபோஸ். வறுத்த மத்தி மீன்தான் படகு. பேச்சுவாக்கில் யாராவது படகை எடுத்துத் தின்றுவிட்டால் கோபிக்க மாட்டார், இன்னொரு மீன் வரவழைப்பார். படகா முக்கியம்? வழியல்லவா முக்கியம்!

எங்கள் சராந்திஸ் இந்த இனத்தின் தலைமகன். தொழில் பல் வைத்தியம். வாயைப் பிளந்தபடி, மறுபேச்சுப் பேச வழியின்றிக் கிடக்கும் நோயாளிகளுக்கு சீரோஸ் தீவில் எங்கே நங்கூரம் போட்டால் அடுத்தவன் சங்கிலியில் சிக்காது என்று விளக்கியே பாதிப் பயணங்களைத் தீர்மானித்தவர். அவரிடம் எந்தச் சந்தேகம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அதெல்லாம் யோசிச்சாச்சு."

போன வருடம் அவர் மனைவி பொலிக்சேனிக்கு ஒரு காரியம் இருந்தது. செரிஃபோஸில் இருக்கும் தங்கை ஆர்கிரோவின் குழந்தைக்குச் சனிக்கிழமை ஞானஸ்நானம். பொலிக்சேனிதான் ஞானத்தாய். எண்ணெய், மெழுகுவத்தி, வெள்ளை உடுப்பு, சிலுவை எல்லாம் அவள்தான் கொண்டுபோக வேண்டும். குழந்தையின் பெயரைப் பாதிரியாரிடம் அவள்தான் சொல்ல வேண்டும். அம்மாவின் வீடு யாருக்கு என்ற சண்டையில் அக்காளும் தங்கையும் பல வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள். இந்தக் குழந்தையை வைத்துத்தான் திரும்பப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"நேரா செரிஃபோஸ் போயிடலாமே, சராந்தி. வடக்கத்திக் காத்து, தானே தள்ளிக்கிட்டுப் போயிடும்."

"முன்னாடியே போயி என்ன பண்றது? உன் தங்கச்சி வீட்ல பாத்திரம் தேய்க்கவா? முதல்ல கேயா, அப்புறம் சீரோஸ், அப்புறம் கித்னோஸ். சனிக்கிழமை காலைல டாண்ணு செரிஃபோஸ். ஒரு வாரப் பயணம்னா வட்டமா இருக்கணும், பொலிக்சேனி!"

"மெல்டெமி கிளம்பிட்டா?"

"அதெல்லாம் யோசிச்சாச்சு."

உண்மையிலேயே யோசித்திருந்தார். ஆகஸ்டில் எங்கள் கடலைப் புரட்டி எடுக்கும் அந்த வடக்குக் காற்றுக்குச் செவ்வாய்க்கிழமையை ஒதுக்கியிருந்தார். காற்றுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. அது வியாழக்கிழமை வந்தது.

நாங்கள் கித்னோஸ் துறையில் மாட்டிக்கொண்டோம். சிறு படகுகள் எதுவும் வெளியேறக் கூடாது என்று துறைமுக அதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். நாங்கள் என்றால் அவர்கள் இருவரும், துணை மாலுமி என்ற பட்டத்துடன் பாத்திரம் கழுவ வந்திருந்த நானும். சராந்திஸ் துளியும் கலங்கவில்லை. அவருக்குப் புதிதாய் வழி போட ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருந்தது. முகத்தில் அப்படியொரு களை. பொலிக்சேனி ஞானஸ்நானப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை தங்கை கூப்பிட்டாள். காற்றின் இரைச்சலில் எனக்கே கேட்கும்படி கத்தினாள். "அக்கா, வருவியா மாட்டியா? பாதிரியார் கேக்கறாரு. வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடு, காத்து மேல பழி போடாதே."

பொலிக்சேனி போனை வைத்துவிட்டு அழுதாள். எனக்கு வழி போட்ட அந்த ஆளைத் தூக்கிக் கடலில் போடலாம் போல வந்தது.

மறுநாள் காலை அலையைப் பிளந்துகொண்டு, செரிஃபோஸ் போகும் பெரிய கப்பல் துறைக்குள் வந்தது. பொலிக்சேனி எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"கப்பலுக்கு."

"கப்பலா? அது நம்ம திட்டத்துலயே இல்லியே!"

"உன் திட்டத்துல நான் இருந்தேனா, கேப்டன் ஐயா? வர்றதுன்னா வா."

"பாதியில கப்பல் ஏறினா வட்டம் உடைஞ்சு போயிடுமே, பொலிக்சேனி!"

அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக் கரைக்குத் தாவினாள். நானும் தாவினேன்.

"டேய், நீ துணை மாலுமிடா!" என்று பின்னால் குரல் கேட்டது. திரும்பவில்லை.

செரிஃபோஸில், அந்தப் பேய்க்காற்றில், ஆர்கிரோ குழந்தையோடு துறைக்கே வந்து நின்றிருந்தாள். அக்காளைக் கண்டதும் குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். ஏன் மறைக்க வேண்டும், நானும்தான். கோயிலில் பாதிரியார் எண்ணெயைத் தொடும் நேரத்தில் என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சராந்திஸ் அனுப்பிய செய்தி: "காத்து இறங்குது! பொறுங்க, புது வழி ஒண்ணு போட்டிருக்கேன்!"

இந்தக் குளிர்காலத்தில் சராந்திஸ் அந்தப் பயணத்தை எப்படிச் சொல்கிறார் தெரியுமா? "கித்னோஸைக் கடைசிக்கு முன்னால ஏன் வச்சேன்? பெரிய கப்பல் நிக்கிற துறை அது. தெரியாமலா வச்சேன்?" பக்கத்தில் பொலிக்சேனி மீன் முள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வரும் ஆகஸ்டுக்கு அவள் கப்பல் டிக்கெட் வாங்கிவிட்டாள். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் கேயாவுக்குக் கிளம்பியபோதே, 'முட்டாள், நேரே செரிஃபோஸுக்கு இறங்கி, ஞானஸ்நானம் முடிந்தபின் சாவகாசமாக மற்ற தீவுகளைப் பார்த்தபடி வடக்கே ஏறியிருக்கலாமே' என்று நீங்களும் மனசுக்குள் ஒரு வழி போட்டீர்களா, இல்லையா?

நல்ல வழிதான். அந்த வடக்குக் காற்றை எதிர்த்து எப்படி ஏறுவதாக உத்தேசம்?

வேண்டாம், எனக்கு விளக்க வேண்டாம். உங்கள் வீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று மட்டும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.